காயப்பட்ட படைவீரர்களுக்காக வாதாடும் சட்டத்தரணிகளுக்கு, தோட்டத்துப் பக்கமிருந்து ஒரு மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். தியத்தலாவையிலிருந்து அப்புத்தளைக்குப் போகும் பாதையில் சின்னதாக ஒரு போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். கொப்பி எடுப்பது, படிவம் நிரப்புவது, மனு எழுதுவது, சிங்களத்தில் வந்த கடிதத்தைத் தமிழில் படித்துச் சொல்வது என்று நாள் போய்விடும். உங்களை நான் நேரில் கண்டதில்லை. உங்கள் கடிதங்களைத்தான் கண்டிருக்கிறேன்.

பக்கத்துச் சிங்களக் கிராமத்து அண்ணன் ஒருவர் அவற்றைக் கொண்டுவருவார். இராணுவத்தில் இருந்தவர். மிதிவெடியில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பன்னிரண்டு வருட சேவை முடிவதற்கு முன்பே வைத்தியச் சபை அவரை விலக்கிவிட்டதால் ஓய்வூதியத்தில் சிக்கல். அவரைப் போன்றவர்கள் கொழும்பு கோட்டையில் நாள்கணக்கில் உட்கார்ந்து போராடியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். அவருடைய கோப்பை நீங்கள் காசு வாங்காமல் எடுத்து நடத்தினீர்கள். முதல் நல்ல பதில் வந்த அன்று கடைக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, செயற்கைக் காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, 'நங்கி (தங்கச்சி), பன்னிரண்டு கொப்பி எடு' என்றார். எதற்கு இத்தனை என்று கேட்டேன். ஒன்று தொலைந்தாலும் இன்னொன்று இருக்க வேண்டும் என்று சட்டத்தரணி அம்மா சொன்னாராம். அந்த ஒரு வார்த்தையிலேயே நீங்கள் எப்படி வேலை செய்கிறீர்கள் என்று விளங்கிவிட்டது.

அன்று அதே பெஞ்சின் மறு ஓரத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷன் அக்கா ஒருவர் உட்கார்ந்திருந்தார். கக்கத்தில் ஊன்றுகோல், மடியில் ஒரு சீனிப் பை, அதற்குள் ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டுகள். அண்ணன் அவரையும் பையையும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: 'இவங்களுக்கு யாரும் இல்லையா?'

அந்தக் கேள்விதான் என்னை எழுத வைத்தது. இதையே சிங்களத்திலும் எழுதி உங்கள் முகவரிக்குத் தபாலில் போட்டிருக்கிறேன். தமிழில் ஊரறிய எழுதுவதற்குக் காரணம், எங்கள் ஆட்களும் வாசிக்க வேண்டும் என்பதுதான்.

அக்காவுக்கு நடந்தது இது. போன ஐப்பசி மழையில், நிறுவைக்குக் கொழுந்து சுமந்து இறங்கும்போது கான் (வடிகால்) ஓரத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். இனி மலை ஏற முடியாது. பையிலிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தேன். தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய முதல் துண்டில், காயம் எப்படி வந்தது என்ற இடத்தில், வீட்டில் விழுந்தார் என்று எழுதியிருந்தது. அக்காவுக்கு ஆங்கில எழுத்து தெரியாது. அவர் கையாலேயே அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலையின்போது வேலையால் வந்த காயத்துக்கு முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும், முதலாளியின் பிழை என்று தொழிலாளி நிரூபிக்கத் தேவையில்லை. எந்த விரல், எந்தக் கை, எந்தக் கால் போனால் உழைக்கும் சக்தியில் எத்தனை விழுக்காடு போனது என்று அட்டவணையே இருக்கிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் உச்சத்தொகையை 5 இலட்சத்து 50 ஆயிரத்திலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தையும் உள்ளே எடுத்தது. லொறியில் ஏற்றி வேறு டிவிஷனுக்குக் கொண்டுபோகப்படும் எங்கள் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் அப்படி ஒரு திருத்தம் வந்தது எங்கள் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) யாருக்கும் தெரியாது. நானே ஒரு படிவம் தேடும்போதுதான் தற்செயலாகக் கண்டேன்.

எல்லாம் அந்த முதல் துண்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது. வீட்டில் விழுந்தார் என்று எழுதிவிட்டால் எண்பது வருடத்துக்கும் மேலான அந்தச் சட்டம் அக்காவுக்கு இல்லை. அன்று கூட மலையில் நின்ற நான்கு பெண்கள் சாட்சி சொல்லத் தயார். வேலையை மேற்பார்க்கும் கங்காணியும் பார்த்தார், ஆனால் அவருக்கும் வேலை வேண்டும். இந்த இடத்தில்தான் உங்களைப் போன்ற ஒருவர் தேவை. எனக்குத் தெரிந்ததெல்லாம் மனு எழுதுவது. சாட்சியை எப்படிப் பதிவது, டிஸ்பென்சரிப் புத்தகத்தை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

அப்பாவைப் பற்றியும் சொல்கிறேன். அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ரோலரில் வேலை. 1998இல், எனக்கு ஒன்பது வயது. இரவு வேலை. வழக்கம்போல மெஷினைக் காக்கும் ரோதை முனிக்குச் சூடம் காட்டிவிட்டுத்தான் மெஷினைத் தொட்டாராம். விடியற்காலை பெல்ட்டில் இடது கை சிக்கி, கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் போய்விட்டன. ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று தோட்டம் கொஞ்சம் காசு கொடுத்தது. அம்மா அதைக் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கினார். பிறகு சம்பளத் துண்டைப் பார்த்தால் அது அட்வான்ஸ் என்று போட்டு மாதாமாதம் வெட்டப்பட்டிருந்தது. அப்புறம் கூட்டுகிற வேலை கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அதுவும் நின்றது.

அப்பா நட்டஈடு கேட்கவே இல்லை. பயந்து அல்ல. 'என் பிழைதானே, நான்தானே கையை விட்டேன்' என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். யாருடைய பிழை என்பது அந்தச் சட்டத்தில் கேள்வியே இல்லை என்று அவருக்குச் சொல்ல ஒரு ஆள் இருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் இதனால்தான் வாயைத் திறப்பதில்லை. வழுக்கியது என் கால், வெட்டியது என் கவ்வாத்துக் கத்தி, குளவிக் கூட்டைக் கவனிக்காதது நான் என்பார்கள்.

பல வருடம் கழித்து அப்பா சேமலாப நிதிக்கு விண்ணப்பித்தபோது ஒரு அலுவலகத்திலிருந்து படிவம் திரும்பி வந்தது. இடது கைப் பெருவிரல் அடையாளம் இல்லையாம். அந்தப் படிவத்தை அப்பா லயத்து வாசலில் உட்கார்ந்து மடியில் விரித்து வைத்துக்கொண்டார். மைக்கட்டை ஒரு பக்கம், கை ஒரு பக்கம். கட்டைவிரல் இருந்த இடத்தில் மொழுமொழுவென்று ஒரு மடிப்புத்தான் இருந்தது. அதை மையில் ஒற்றிக் கட்டத்துக்குள் வைத்தார். கோடே இல்லாத ஒரு கறுப்புப் பொட்டு விழுந்தது. அதுவும் திரும்பி வந்தது. வைத்தியரிடம் கடிதம் வாங்கி, சமாதான நீதவானிடம் போய், மூன்று நாள் அலைந்த பிறகுதான் எடுத்துக்கொண்டார்கள். நான் படிவம் நிரப்பக் கற்றுக்கொண்டது அந்த வாசலில்தான்.

உங்களிடம் வரும் படைவீரர்களின் கோப்புகளில் இதையெல்லாம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். வைத்தியச் சபை, விழுக்காடு, காணாமல் போன பதிவேடு, முடிந்துபோன தவணை என்று அதே வேலைதான். அவர்களுக்கு 1999இல் ரணவிரு சேவா அதிகாரசபை என்று சட்டத்தின் மூலமே ஒரு அமைப்பு வந்தது. அது இருந்தும் உங்கள் உதவி தேவைப்பட்டது என்றால், ஒன்றுமே இல்லாத தோட்டத்து ஆளுக்கு எவ்வளவு தேவைப்படும்?

போரைப் பற்றி எங்கள் லயங்களில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நினைவு உண்டு. 1983இல் பதுளைப் பக்கம் கடையும் வீடும் எரிந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போன வீடுகளும் இருக்கின்றன. அதையெல்லாம் மறந்துவிட்டு எழுதுகிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த அண்ணன் காலைக் கழற்றி வைத்துவிட்டு முழங்காலைத் தடவியபோது எனக்கு அப்பாவின் கைதான் ஞாபகம் வந்தது. அக்காவுக்காக முதலில் வாய் திறந்தவரும் அவர்தான்.

நீங்கள் எங்கள் பக்கம் வந்தால் சில விஷயங்கள் வித்தியாசமாக இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஒன்று பெயர். செக்ரோலில் (தோட்டத்துத் தொழிலாளர் பதிவேட்டில்) ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் சிங்கள எழுத்தில் இன்னொரு பெயர். செல்லம்மா, செல்லாயி, செல்லம் மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிக்க ஒரு வருடம் போகும். இது எங்கள் அலட்சியம் என்று சில உத்தியோகத்தர்கள் நினைக்கிறார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்து, 2003இல் வந்த 35ஆம் இலக்கச் சட்டம் வரைக்கும் காத்திருந்த குடும்பங்கள் இவை. தோட்டங்களோ 1972இலும் 1975இலும் அரசாங்கத்துக்குப் போய், 1992இல் திரும்பவும் கம்பனிகளிடம் வந்தன. ஒவ்வொரு கை மாறும்போதும் பழைய புத்தகங்கள் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. 2014இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்தபோது ஆட்களோடு அவர்களுடைய காகிதங்களும் அடியில் போய்விட்டன.

அடுத்தது முகவரி. லயத்துக் காம்பராவுக்கென்று தனித் தபால் முகவரி கிடையாது, கடிதம் தோட்டத்து ஆபீஸுக்குத்தான் போகும். தோட்டத்துக்கு எதிராக வழக்குப் போட்டவருக்கு விசாரணைத் தேதி சொல்லும் கடிதமும் அதே ஆபீஸுக்குத்தான் போகும். தேதி முடிந்து ஐந்தாம் நாள் கடிதம் கைக்கு வந்த ஒருவரை எனக்குத் தெரியும். தயவுசெய்து ஆரம்பத்திலேயே உங்கள் முகவரியைப் போடுங்கள், அல்லது என் கடை முகவரியைப் போடுங்கள்.

மொழியைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. பதுளை மாவட்டத்தில் சில பிரதேச செயலகப் பிரிவுகளை இருமொழிப் பிரிவுகள் என்று 1999இலேயே வர்த்தமானியில் போட்டாயிற்று. பெயர்ப் பலகையில் தமிழ் இருக்கிறது, மேசையில் சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை. உங்கள் குழுவில் தமிழ் பேசும் ஒரு இளம் சட்டத்தரணி இருந்தால் போதும். மற்றதற்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன்.

சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, நல்ல மனிதர்களும் இருக்கிறார்கள், நானே ஆட்களை அனுப்பியிருக்கிறேன். ஆனால் அங்கே போக வருமானச் சான்றிதழ், அதற்குக் கிராம உத்தியோகத்தர், அவர் இருக்கும் நாள், பஸ் காசு, ஒரு நாள் சம்பள இழப்பு. நட்டஈட்டு ஆணையாளரின் அலுவலகம் கொழும்பில். இடுப்பில் கம்பியோடு அக்கா எத்தனை தடவை பஸ் ஏறுவார்?

அதனால் நான் கேட்பது, நீங்கள் மேலே வர வேண்டும் என்பதுதான். டவுனில் அறை எடுத்து உட்கார்ந்தால் வரமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அல்லது போயா (பௌர்ணமி) நாளில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்திலோ கோவில் மடத்திலோ ஒரு மேசை போதும். வழக்கு எடுப்பதற்கு முன்னாலேயே ஒரு வேலை இருக்கிறது: விபத்து நடந்த அன்றைக்கே என்ன எழுத வேண்டும், யாரிடம் எழுத வேண்டும், எதில் கைநாட்டு வைக்கக் கூடாது என்பதை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள். நான் என் செலவில் கொப்பி எடுத்து லயத்துக்கு லயம் ஒட்டுகிறேன். முதல் துண்டு சரியாக இருந்தால் பாதி வழக்கு தேவையே இல்லை.

இன்னொன்று, பெரியது. இப்போது பல இடங்களில் செக்ரோல் பெயர் குறைந்துகொண்டு வருகிறது. கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறார்கள், அல்லது இத்தனை மரம் உன்னுடையது என்று பிரித்துக் கொடுத்துக் கொழுந்துக்கு மட்டும் காசு கொடுக்கிறார்கள். அதே மலை, அதே தராசு, அதே கங்காணி. ஆனால் விழுந்தால் நீ எங்கள் தொழிலாளி இல்லை என்கிறார்கள். அப்படிச் சொல்வது சட்டத்தில் நிற்குமா? அப்படி விழுந்த ஒருவருடைய வழக்கையாவது கடைசி மட்டும் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர்மாரிடம் கேட்டுப் பார்த்தேன். அவர்களுக்குச் சம்பளப் பேச்சே முடியவில்லை. அது உண்மைதான், அவர்களைக் குறை சொல்லவில்லை. இது சட்டம் படித்தவர்கள் எடுக்க வேண்டிய சண்டை.

சரி, வேலைக்கு வருகிறேன். என்னிடம் ஒரு சிஆர் கொப்பி இருக்கிறது. அதில் பதினொரு பேரின் விவரம் எழுதி வைத்திருக்கிறேன்: பெயர்கள் எத்தனையோ அத்தனையும், விபத்து நடந்த தேதி, பார்த்தவர்கள், கையிலிருக்கும் துண்டுகள். ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு கொப்பி எடுத்துக் கட்டி வைத்திருக்கிறேன். அதில் அப்பாவின் கோப்பு இல்லை. அது காலம் கடந்தது என்று எனக்குத் தெரியும். முதலாவதாக இருப்பது மேல் டிவிஷன் அக்காவுடையது. கோரிக்கை வைக்க அவருக்கு இன்னும் தவணை இருக்கிறது. நீங்கள் வரும் நாளைச் சொன்னால் அண்ணன் தன் ஆட்டோவில் அவரை இறக்கிக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
போட்டோ கொப்பிக் கடைத் தங்கை,
தியத்தலாவை