கொலை வழக்கு வக்கீல், அப்புறம் எம்.பி.

ஆசிரியருக்கு,

கிரிமினல் வக்கீல்கள் நாடாளுமன்றம் போனால் சட்டம் என்னாகும் என்று சிலர் கேட்கிறார்கள். ராம் ஜெத்மலானியைப் பார்த்தால் அந்தக் கவலை எனக்கு வருவதில்லை. அவசரநிலையை எதிர்த்து நாட்டைவிட்டு வெளியேறியவர், 1977 தேர்தலில் அன்றைய சட்ட அமைச்சர் கோகலேயைத் தோற்கடித்து மக்களவைக்குப் போனார். பிறகு அவரே சட்ட அமைச்சரும் ஆனார்.

இந்திரா கொலை வழக்கில் யாரும் தொடத் தயங்கியபோது வாதாடினார். குற்றம்சாட்டப்பட்ட பல்பீர் சிங்கை உச்ச நீதிமன்றம் 1988-ல் விடுதலை செய்தது. 2011-ல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோதே சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து முருகன், சாந்தன், பேரறிவாளன் தூக்குக்குத் தடை வாங்கினார். கட்சி மாறிக்கொண்டே இருந்தார், சரி. வாஜ்பாய் அமைச்சரவையில் இருந்துவிட்டு, 2004-ல் லக்னோவில் அவரையே எதிர்த்து நின்றது மட்டும் எனக்கு ஒட்டவில்லை.

– ஒரு வாசகர், மதுரை