குட்டியைத் திருப்பிக் கொடுக்காதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். தங்கச்சிமடத்தில் எல்லாரும் சுகம். நீ வாங்கிய சிப்பிப்பாறை நாய்க்குட்டி சார்ஜர் வயரைக் கடிக்கிறது, தனியாக விட்டால் ஊளையிடுகிறது, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார், விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டாய். வேண்டாம். போனில் பேசத் தொடங்கினால் பாதியில் உனக்கு ஆபீசிலிருந்து அழைப்பு வந்துவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் நாய் மணி செத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அப்போது நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். கரைவலை இழுத்து மீன் பிரிக்கிற இடத்தில், சங்காயம் என்று ஒதுக்கிப் போட்ட கழிவு மீன்களோடு கிடந்த பேத்தை மீனைத் தின்றுவிட்டது. பேத்தையின் ஈரலிலும் சினையிலும் இருக்கிற விஷம் வேகவைத்தாலும் போகாது, அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. முதலில் கால் தள்ளாடியது, அப்புறம் மூச்சே நின்றுவிட்டது. கரையில் நாய் வளர்க்கிறவர்கள் "அது விதி" என்று சொல்லிவிட்டு அடுத்த குட்டியைத் தூக்கி வருவார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. வாயில் எடுத்ததைச் சொன்னவுடன் கீழே போடுகிற நாயாக அடுத்ததை வளர்க்க வேண்டும் என்று நினைத்தேன். நாய் பழக்குகிற என் தொழில் தொடங்கியது அந்த நினைப்பில்தான்.

அடுத்த குட்டி செவலை வந்ததும் அதற்கு முதலில் சொல்லிக் கொடுத்தது "விடு". உப்புப் போடாமல் காயவைத்த நெத்திலியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்வேன். குட்டி நக்கும், பிராண்டும், முட்டும். கையைத் திறக்கவே மாட்டேன். அலுத்துப்போய் ஒரு நொடி முகத்தைப் பின்னால் இழுக்குமே, அந்த நொடியில் "சரி" என்று சொல்லி, இன்னொரு கையிலிருந்து வேறொரு நெத்திலி கொடுப்பேன். அந்த நொடி தப்பினால் பலன் இல்லை. கொஞ்சம் தாமதித்துக் கொடுத்தால், மறுபடி பிராண்டியதற்குத்தான் கிடைத்தது என்று குட்டி நினைத்துக்கொள்ளும். கை பழகியதும் தரையில் வைத்தேன், அப்புறம் முற்றத்தில், கடைசியாக நீளக் கயிறு கட்டி மீன் பிரிக்கிற இடத்துக்கே கூட்டிப் போனேன். வாயிலிருந்து எதையும் பிடுங்கியதே இல்லை. பிடுங்கினால் நாய் அவசரமாக விழுங்கத்தான் பார்க்கும். பேத்தையும் தூண்டில் முள்ளும் கெளுத்தி முள்ளும் கிடக்கிற கரையில் அப்படி ஒரு பழக்கம் வந்தால் என்ன ஆகும், நீயே யோசித்துப் பார்.

நீ காலேஜ் போன பிறகு அப்பா விருதுநகர்ப் பக்கமிருந்து சிப்பிப்பாறை ஒன்று கொண்டுவந்தார். நம் ராணிதான். அதனால்தான் உன் குட்டியைப் பற்றித் தைரியமாகப் பேசுகிறேன். அது கண்ணால் வேட்டையாடுகிற சாதி. ஆடோ முயலோ ஓடினால் கண் அதிலேயே குத்தி நின்றுவிடும், அதற்குமேல் நீ கத்துவது அதன் மண்டையில் ஏறாது. அதன் கழுத்து நிமிர்கிறதா, காது முன்னால் வருகிறதா என்று பார்த்து, ஓட்டம் எடுப்பதற்கு முன்பே கூப்பிட வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கரையில் குரலும் எடுபடாது. கையை உயர்த்தினால் வா, உள்ளங்கையைக் காட்டினால் நில் என்று சைகையிலேயே பழக்கினேன்.

அந்தச் சைகைதான் என்னை வெளியாட்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. உச்சிப்புளிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் வெள்ளை ராஜபாளையம் நாய் ஒன்று இருந்தது. 2005-ல் தபால்தலையில் வந்த இனம் என்று பெருமையாக வாங்கி வந்தார்களாம். "கூப்பிட்டால் திரும்பாது, தொட்டால் கடிக்கும், திமிர் பிடித்த நாய்" என்றார்கள். எந்நேரமும் சங்கிலியில்தான் கிடந்தது, அடியும் வாங்கியிருந்தது. நான் கிட்டே போகாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரும்புக் கேட் கிறீச்சிட்டது, அது தலையைத் தூக்கவில்லை. ஒருவரின் நிழல் மேலே விழுந்ததும் துள்ளி எழுந்தது. பின்னால் நின்று தட்டைத் தட்டினேன். காது அசையவே இல்லை. பாவம், அதற்குக் காதே கேட்கவில்லை! முழு வெள்ளை நாய்களில் இப்படிப் பிறவியிலேயே செவிடாக இருப்பது உண்டு. யார் வருகிறார்கள் என்று தெரியாமல் திடீரென்று தொட்டால் எந்த உயிரும் பதறிக் கடிக்கத்தானே செய்யும்? முன்பக்கமாக வாருங்கள், தொடுவதற்கு முன் தரையை மிதித்து அதிர்வு கொடுங்கள் என்று வீட்டார் அத்தனை பேருக்கும் சொன்னேன். ராணிக்குப் பழக்கிய அதே சைகைகளை அதற்கும் பழக்கினேன். கையை உயர்த்தியதும் அது முதன்முதலாகத் தோப்பின் அந்தக் கடைசியிலிருந்து ஓடிவந்து என் முன்னால் நின்றதே, அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை.

அவர்கள் நாலு பேரிடம் சொன்னார்கள். மண்டபம், தேவிபட்டினம் என்று வேலை வரத் தொடங்கியது. நாயை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போகிறவர்களிடம் நான் வேலை எடுப்பதில்லை. வீட்டு ஆட்களும் கூட நின்று பழக வேண்டும்.

சரி, உன் குட்டிக்கு வருகிறேன். அதற்கு இப்போது மூன்று மாதம். இன்னும் கொஞ்ச நாளில் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும், ஆறு மாதம் வரை கடிக்கத்தான் செய்யும். வயரை உயரத்தில் தூக்கிவிட்டு, பழைய துணியை நனைத்து முறுக்கி, ஃப்ரீசரில் வைத்துக் கொடு. நீ பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடு, துணியைக் கிழித்து விழுங்கிவிடக் கூடாது. பேப்பரைச் சுருட்டி மிரட்டுகிறேன் என்றாயே, அதை இன்றோடு நிறுத்து. அடிக்குப் பயந்த குட்டி கடிப்பதை விடாது, உனக்குத் தெரியாமல் கடிக்கப் பழகும்.

ஊளையிடுவது முரண்டு இல்லை, பயம். தாயும் கூடப்பிறந்ததுகளும் ஒட்டிக் கிடந்த இடத்திலிருந்து நேற்றுத்தான் பிரிந்து வந்திருக்கிறது. கதவைத் தாண்டிப் போய், அழ ஆரம்பிக்கும் முன்பே உள்ளே வந்துவிடு. அது நிம்மதியாக இருக்க இருக்க, வெளியே நிற்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. மருமகளும் நீயும் லீவு போட்டு மாறி மாறி ஒரு வாரம் வீட்டில் இருக்க முடிந்தால் ரொம்ப நல்லது. பக்கத்து வீட்டுக்காரரிடமும் போய், பழக்கிக்கொண்டிருக்கிறோம் என்று மரியாதையாகச் சொல்லிவிடு.

வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு இதுதான் வயது, தள்ளிப்போடாதே. மாநகராட்சி உரிமமும் எடுத்துவிடு. ஆட்டோ, குடை, குழந்தைகள், ஹெல்மெட் போட்டவர்கள் எல்லாவற்றையும் இந்த வயதில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டு. ஊசி எல்லாம் முடியும்வரை தெருவில் மட்டும் இறக்கிவிடாதே.

பொங்கலுக்கு அதையும் கூட்டிக்கொண்டு வா. பாம்பன் புதுப்பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரை வருகிறது. ஆனால் குட்டியை ரயில் கார்டின் பெட்டியில் தனியாகப் போட்டு அனுப்பாதே. இப்போதுதான் தனிமைப் பயம் தெளிந்துகொண்டிருக்கும். காரிலேயே வாருங்கள், வழியில் அடிக்கடி நிறுத்தித் தண்ணீர் கொடுங்கள். கழுத்துப்பட்டையை மட்டும் நம்பாதே. சிப்பிப்பாறைக்குத் தலை ஒடுக்கம், ஒரு இழுப்பில் உருவிக்கொண்டு ஓடிவிடும். மார்போடு சேர்த்து மாட்டுகிற பட்டை வாங்கு. அளவு தெரியாவிட்டால் போட்டோ அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
அம்மா