களியாட்ட விழாக்களுக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். கடந்த சனிக்கிழமை இரவு நீங்கள் மூடுவித்த கூடாரம் எதுவென்று உங்களுக்குத் தெரியும். மரணக்கிணறும் இராட்டினமும் சுற்றிக்கொண்டிருக்க, என் தம்பியின் கூடாரத்தை மட்டும் அவிழ்க்கச் சொன்னீர்கள். இரண்டு வாரச் சம்பளம் பாக்கியிருக்க, அவன் வெறுமனே வீடு திரும்பினான்.

தம்பி பிறவியிலேயே கைகள் இல்லாதவன். வலக்காலின் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே பனஞ் சார்வோலையை இடுக்கி, இடக்காலால் மடித்து, கொட்டப்பெட்டி என்னும் சிறு ஓலைப்பெட்டி இழைப்பான். அம்மம்மா பழக்கிய வேலை. அதைப் பார்க்கத்தான் சனம் டிக்கெட் வாங்கியது. ஒலிபெருக்கியில் "அதிசயப் பிறவி" என்று அலறுவதை நிறுத்துங்கள் என்றுதான் நான் முறைப்பாடு எழுதினேன். நீங்கள் நிறுத்தியதோ அவனுடைய உழைப்பை.

முறைப்பாட்டில் இன்னொன்றும் இருந்தது. திடலில் வைத்த மலசலகூடத்தின் திறாங்கு, அதாவது கதவின் தாழ்ப்பாள், தோளளவு உயரத்தில் இருக்கிறது, காலுக்கு எட்டாது. யாரையாவது கூப்பிட்டுப் பூட்டச் சொல்லி, திறக்கச் சொல்லவேண்டும். வளர்ந்த ஆண்பிள்ளை, கூசுகிறான். அதனால் பின்னேரம் 3 மணியிலிருந்து இரவு 11 மணிவரை தண்ணீரே குடிப்பதில்லை. ஆவணி வெக்கையில், படங்குக் கூடாரத்துக்குள். கடைசி நாட்களில் உதடு வெடித்திருந்தது. சிறுநீர் எரிகிறது என்று அம்மாவிடம் சொல்லாமல் என்னிடம் மட்டும் சொன்னான்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலும் இத்தகைய காட்சிகளைத் தடுத்த சட்டம் ஒன்று இருந்தது. தோளிலிருந்தே உள்ளங்கைகள் வளர்ந்திருந்த "சீலோ" என்ற கலைஞர் அதை எதிர்த்து வழக்காடினார். 1972இல் அம்மாநில உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. என் தம்பியும் அதையேதான் கேட்கிறான். உழைக்க விடுங்கள்.

நம் இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம், பொது இடங்களைப் பயன்படுத்த மாற்றுத்திறனாளிகளுக்குத் தடை இருக்கலாகாது என்கிறது. போரில் கால் இழந்தவர்கள் இத்தனை பேர் வாழும் ஊரில், இன்னும் எத்தனை அலுவலகங்களில் படியேறித்தான் மனுக் கொடுக்கவேண்டும்? என் முறைப்பாட்டை வாங்கிய அறைக்கும் மாடிப்படி ஏறித்தான் போனேன். தம்பியோடு ஒரு முதியவர் ஊன்றுகோலுடன் கீழேயே நின்றார்.

மன்னிக்கவேண்டும், ஆத்திரம் எங்கோ இழுத்துப் போகிறது. நான் கேட்பது இதுதான்: கூடாரத்தைத் திறக்க விடுங்கள். சம்பளத்துக்கு எழுத்து மூல ஒப்பந்தம், மரியாதையான அறிவிப்பு, காலுக்கு எட்டும் திறாங்கு ஆகியவை இல்லாத முதலாளிக்கு அனுமதி கொடுக்காதீர்கள். அடுத்த திடல் பருத்தித்துறைப் பக்கம் என்கிறார்கள். அதற்கு முன்னர் பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா,
யாழ்ப்பாணம்