அப்பாவுக்காக வந்தவர்களுக்கு

துட்டி கேட்க வந்த எல்லோருக்கும், வர முடியாமல் போனில் பேசியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அப்பாவின் பதினாறாம் நாள் விசேஷம் நல்லபடியாக முடிந்தது. வீடு வீடாக வந்து சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 91 வயது. விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த ஷிப்ட் முடிந்து வந்தாலும் தாமிரபரணியில் முங்கிக் குளிக்காமல் சாப்பிட உட்கார மாட்டார். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்த பிறகு, அதுவரை ஒரு காப்பி போட்டறியாத மனுஷர், எண்பது வயதுக்கு மேல் அடுப்படிக்குள் போனார். கட்டிலில் படுத்தபடியே அம்மா சொல்லிக் கொடுக்கச் சொல்லிக் கொடுக்க, தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்கிற சொதிக் குழம்பு வைக்கப் பழகினார். “முதல் பால் ஊத்தினதும் கொதிக்க விட்டுராதீங்க, திரிஞ்சிரும். எலுமிச்சம்பழம் இறக்குன பொறவு பிழிஞ்சா போதும்.” மறுவீட்டுக்கு வரும் மாப்பிள்ளைக்கு வைக்கிற சொதியை இங்கே மாப்பிள்ளையே வைக்கிறார் என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

உதவி என்று சொன்னால் அப்பா வாங்க மாட்டார். இது உங்களுக்கும் தெரிந்திருந்தது. “எங்க வீட்டுக்குத் துருவுனது மிஞ்சிட்டு” என்று தேங்காய்ப்பூவைக் கிண்ணத்தோடு வைத்துவிட்டுப் போன எதிர்வீட்டு ஆச்சிக்கு அது ஒருநாளும் மிஞ்சியிருக்காது. அப்பாவால் படித்துறை இறங்க முடியாமல் போனதும், “நாங்களும் அங்கனதான் போறோம்” என்று தினமும் ஆற்றுத் தண்ணீர் ஒரு குடம் கொண்டுவந்த தம்பிகளும் அப்படித்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் மாடி வீட்டில் சேர்த்ததும் அவர்கள்தான். அப்பா பின்னாலேயே மருந்து டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாராம்.

அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தந்த அக்காவுக்கும், அம்மாவின் கையை எப்படி மடக்கி நீட்ட வேண்டும் என்று அப்பாவுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்த பிசியோதெரபி தம்பிக்கும் தனியாக நன்றி. அந்தப் பயிற்சியை அப்பா கடைசி வாரம் வரை விடவில்லை.

அப்புறம், கண் தானம். அப்பா முன்பே சொல்லி வைத்திருந்தார். இந்த வயதில் எடுப்பார்களா என்று எங்களுக்கே சந்தேகம். வயது தடையில்லை, கண்புரை ஆபரேஷன் செய்திருந்தாலும் பரவாயில்லை, ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி, அந்த நடு ராத்திரியில் கண் வங்கிக்குப் போன் போட்ட மருந்துக்கடை அண்ணாச்சியை மறக்க முடியாது. ஃபேனை நிறுத்தி, இமையை மூடி, ஈரத்துணி வைக்கச் சொன்னதும் அவர்தான். வந்தவர்கள் அரைமணி நேரத்துக்குள் முடித்துவிட்டார்கள். முகத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

நீர்மாலைக்கு வந்தவர்கள், பந்தல் போட்டவர்கள், கேத வீட்டுக்குக் காப்பியும் இட்லியும் கொண்டுவந்தவர்கள், ராத்திரி முழுக்க அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள், எல்லோருக்கும் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவைக் கொஞ்ச நாள் பாளையங்கோட்டைக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போகிறோம். சாவி எதிர்வீட்டு ஆச்சியிடம் இருக்கும். உங்கள் வீட்டுத் தூக்குச்சட்டிகளும் இரண்டு எவர்சில்வர் குத்துப்போணிகளும் கழுவித் திண்ணையில் வைத்திருக்கிறோம். அவரவருடையதைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மகன், மகள்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்