ஜோர்டான் தளபதியின் பதவி: நண்பருக்கு ஒரு பதில்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. முழங்கால் வலி தணிந்து, மாலையில் குளக்கரை வரை நடக்கிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. இங்கே இந்த முறை மழை ஏமாற்றவில்லை. கிணற்றில் நீர் மேலே வந்திருக்கிறது. சின்னவளுக்குச் சேலத்துக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. பேரனின் படிப்பை உத்தேசித்து, அவன் மட்டும் பள்ளி ஆண்டு முடியும்வரை எங்களோடு இருக்கப்போகிறான். உன் தங்கைக்கு வேண்டிய புத்தகங்களைக் கட்டி வைத்திருக்கிறேன்.

ஜோர்டான் படைக்குத் தளபதியாக இருந்த ஆங்கிலேயர் க்ளப் பாஷாவுக்கு நடந்தது பெரும் அநியாயம் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து வேறு எதிலும் மனம் செல்லவில்லை. அந்த மனிதரை நானும் மதிக்கிறேன். 1930இல் ஜோர்டானுக்கு வந்து, பாலைவனத்து நாடோடி அரபுகளான பதூயின் இளைஞர்களைத் திரட்டி ஒரு காவல் படையை உருவாக்கினார். 1939இல் அரபு லீஜியன் என்ற அந்நாட்டு ராணுவத்தின் தளபதியானார். முதல் உலகப் போரில் தாடை உடைந்தவர்; அந்தத் தாடையை வைத்தே பதூயின்கள் அவருக்கு அன்பாக ஒரு பெயரும் சூட்டியிருந்தார்கள். 1948 போரில் கிழக்கு ஜெருசலேம் அரபுகள் வசம் நின்றதற்கு அவர் வளர்த்த படைதான் காரணம். அப்படிப்பட்டவரை 1956 மார்ச் 1 அன்று பதவியிலிருந்து நீக்கி, மறுநாள் காலையிலேயே விமானம் ஏற்றி அனுப்பினார்கள். அனுப்பிய மன்னர் ஹுசைனுக்கு வயது இருபது. அனுப்பிய விதம் கொடுமை என்று நீ சொன்னால் மறுக்க மாட்டேன்.

ஆனால் அனுப்பியதே தவறு என்கிறாயே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அன்றைய நிலையை எண்ணிப் பார். அரசியல் சட்டத்தின் 32ஆம் பிரிவு மன்னரே முப்படைகளின் உச்சத் தலைவர் என்கிறது. படைக்கான பணமோ லண்டனிலிருந்து, க்ளப்பின் கையில் இருந்த கணக்குக்கு நேராக வந்துகொண்டிருந்தது. உயர் பொறுப்புகளில் பிரிட்டிஷ் அதிகாரிகள். அரபு அதிகாரிகள் மேலே வருவது ஆமை வேகத்தில் நடந்தது. அரசியலில் ஈடுபடுகிறார்கள் என்று சில அதிகாரிகளின் பட்டியலைக் கொடுத்து, அவர்களை நீக்கும்படி க்ளப் கேட்டார். மன்னர் கையெழுத்திட மறுத்தார். அன்று ஜோர்டான் வசம் இருந்த மேற்குக் கரையை இஸ்ரேல் எல்லையிலேயே காக்க வேண்டும் என்றார் மன்னர். பின்வாங்கி வலுவான இடத்தில் நிற்க வேண்டும் என்றார் தளபதி. போர்க் கலையில் தளபதியின் கணக்கு சரியாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் ஒரு நாட்டின் எந்த ஊரைக் கைவிடலாம் என்பதை அந்நிய அரசின் பணத்தில் இயங்கும் ஒருவர் முடிவு செய்யக் கூடாது. இதில் எனக்குச் சிறிதும் தயக்கம் இல்லை. இன்றும் ஜோர்டானில் மார்ச் 1, படைத் தலைமை அரபுகள் கைக்கு வந்த நாளாகக் கொண்டாடப்படுகிறது.

உனக்கு ஆறுதலாக ஒன்று சொல்கிறேன். 1986இல் க்ளப் காலமானபோது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நடந்த நினைவு வழிபாட்டில் எழுந்து பேசியவர் இதே ஹுசைன்தான்.

க்ளப்பை அனுப்பிய அடுத்த ஆண்டே அந்தத் தளபதி பதவி மன்னரை வேறு வகையில் சோதித்தது. க்ளப்பை அடுத்து ராதி அன்னாப் சில மாதங்கள் மட்டும் இருந்தார். பிறகு மன்னரின் இளம் நண்பரான அலி அபூ நுவார் தளபதியானார். 1957 ஏப்ரலில் சர்கா ராணுவ முகாமில் கலகம் வெடித்தது. மன்னர் அபூ நுவாரையும் காரில் ஏற்றிக்கொண்டு அங்கே புறப்பட்டார். வழியில் எதிர்ப்பட்ட வீரர்கள் மன்னரைக் கண்டு ஆரவாரித்தார்கள். தளபதியைக் கண்டதும் அவர் உயிருக்கே குறிவைத்தார்கள். அபூ நுவார் திரும்பிப் போய்விடுகிறேன் என்று கெஞ்சி, பின் சிரியாவுக்குப் போய்விட்டார். (அவரையும் ஹுசைன் பின்னாளில் மன்னித்து, பிரான்சுக்குத் தூதராக அனுப்பினார். அந்த மனிதரின் மனம் பெரியது.) தளபதி யாராக இருந்தாலும் படைவீரனுக்கும் மன்னருக்கும் நடுவே அவர் நிற்கக் கூடாது என்பதை ஹுசைன் அன்றே உறுதி செய்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

என்னை உண்மையில் வருத்துவது 2014இல் நடந்தது. ஜோர்டான் அரசியல் சட்டத்தில் 30ஆம் பிரிவு, மன்னரை எந்தப் பொறுப்புக்கும் உள்ளாக்க முடியாது என்கிறது. 40ஆம் பிரிவின்படி மன்னரின் ஆணையில் பிரதமரும் உரிய அமைச்சரும் கையெழுத்திட வேண்டும். 49ஆம் பிரிவு, மன்னர் வாய்மொழியாகச் சொன்னாலும் எழுதிக் கொடுத்தாலும் அமைச்சர்களின் பொறுப்பு நீங்காது என்கிறது. மூன்றையும் சேர்த்துப் படித்தால் அழகான ஏற்பாடு: ஆணை மன்னருடையது, பதில் சொல்வது அமைச்சர். 2014 திருத்தம், படைத் தலைமைத் தளபதியையும் உளவுத்துறை இயக்குநரையும் மன்னர் தாமே நேரடியாக நியமிக்கலாம், நீக்கலாம் என்றது. 2016இல் இவ்வகை ஆணைகளுக்கு அமைச்சர் கையெழுத்தே வேண்டாம் என்றாகிவிட்டது. கட்சி அரசியலிலிருந்து படையைக் காப்பதற்கே என்று காரணம் சொன்னார்கள். அந்தக் கவலையில் நியாயம் உண்டு. 1957ஐக் கண்ட நாடு அது. ஆனால் நாளை ஒரு தளபதி தவறு செய்தால், அவரை நியமித்ததற்காக நாடாளுமன்றம் யாரைக் கேட்கும்? மன்னரைக் கேட்க முடியாது. அமைச்சர், என் கையெழுத்து இல்லையே என்பார்.

2021 ஏப்ரலில் தளபதி யூசுஃப் ஹுனைதி, ஹுசைனின் மகனான இன்றைய மன்னர் அப்துல்லாவுக்கு மாற்றாந்தாய் வழித் தம்பியும் முன்னாள் பட்டத்து இளவரசருமான ஹம்சாவின் வீட்டுக்குப் போனார். வெளியே போகக் கூடாது, மக்களைச் சந்திக்கக் கூடாது என்று தளபதி கட்டளையிட்டதாக இளவரசர் காணொளியில் சொன்னார். அவரைக் கைது செய்யவில்லை, நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்கும் செயல்களை நிறுத்தும்படி மட்டுமே கேட்டுக்கொண்டோம் என்றது ராணுவம். இளவரசர் பக்கம் நியாயம் இருந்ததா என்பது வேறு கேள்வி. அரச குடும்பத்துப் பூசலுக்குள் நாட்டின் தலைமைத் தளபதி செய்தி சுமந்து போக வேண்டியிருந்ததே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. எல்லையைக் காக்க வேண்டியவருக்கு ஏற்ற வேலையா அது? ஓர் அமைச்சரின் கையெழுத்து தேவைப்பட்டிருந்தால், ஒருவராவது நின்று யோசித்திருப்பார்.

ஆகவே 1956இல் ஹுசைன் பக்கமும், 2014இல் திருத்தத்துக்கு எதிர்ப்பக்கமும் நிற்கிறேன். இரண்டிலும் எனக்குக் கேள்வி ஒன்றுதான்: தளபதி யாருக்குப் பதில் சொல்கிறார்? க்ளப் லண்டனுக்குப் பதில் சொன்னதும் கூடாது. இன்றைய தளபதி மன்னர் ஒருவருக்கு மட்டும் பதில் சொல்வதும் போதாது. நீ இதற்கு என்ன சொல்வாய் என்று அறிய ஆவலாக இருக்கிறேன். தை பிறந்ததும் உன் ஊர்ப் பக்கம் வருகிறேன்; புத்தகக் கட்டையும் அப்போது கொண்டுவருகிறேன். அதற்குள் ஒரு வரியாவது எழுது. தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

உன் அன்புள்ள,
வேலாயுதம்