அபிலேவுக்கும் மற்ற எல்லோருக்கும்

வீட்டுக்கு வந்து இன்றோடு பதினோரு நாள். காலில் மாவுக்கட்டு இருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறேன். மூச்சு சீராகிவிட்டது. கை விரல் பத்தும் என்னிடம்தான் இருக்கின்றன. லடாக்கில் படம் எடுக்கப் போன இடத்தில் என்ன நடந்தது, எங்கே விழுந்தேன், நடுவில் அந்த மூன்று இரவுகள் எப்படிப் போயின என்பதெல்லாம் உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். சொல்லப்போனால் நான் நினைவில்லாமல் கிடந்த நேரத்தில் நடந்தவை என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அதனால் அதை மறுபடி எழுதப்போவதில்லை. நன்றி சொல்லாமல் தூக்கம் வரமாட்டேன் என்கிறது, அதற்காகத்தான் இது.

ஏணியில் கம்பளியைக் கட்டி, அதில் என்னைப் படுக்க வைத்து, உறைந்து கிடந்த ஓடை வழியாக வண்டி நிற்கும் இடம் வரை தூக்கி வந்த அந்த ஆறு பேருக்கு முதல் நன்றி. அவர்களில் இரண்டு பேர் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து இடுப்பளவு பனியில் நடந்து வந்தவர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. லே நகர மருத்துவமனையில் இரவு முழுக்க ஆக்சிஜன் அளவைப் பார்த்துப் பார்த்துக் குறித்த செவிலியருக்கு. அங்கே வராந்தாவில் நான் அம்மாவிடம் போனில் பேசியதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்து, “அண்ணே, எந்த ஊரு?” என்று கேட்டு, மறுநாள் ஃபிளாஸ்க்கில் ரசம் கொண்டுவந்து கொடுத்த ராணுவத் தம்பிக்கு. டெல்லி விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளியவருக்கு. பணம் அனுப்பியவர்களுக்கு, தகவலைப் பகிர்ந்தவர்களுக்கு, என் அம்மாவைத் தனியாக விடாமல் வீட்டில் வந்து தங்கிய தெருக்காரர்களுக்கு. உங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுவேன். கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள், இன்னும் நாலு வார்த்தை பேசினால் களைத்துப்போகிறேன்.

இந்த மடலில் நான் சொல்ல வேண்டியது ஒரு பாட்டியைப் பற்றி.

லடாக்கில் பாட்டியை அபிலே என்று கூப்பிடுவார்கள். அபி என்றால் பாட்டி, பின்னால் வரும் ‘லே’ மரியாதைக்கு. நான் தங்கிய வீட்டின் பெரியவர் அவர். ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் சின்னக் கிராமம், எண்ணிப் பார்த்தால் பத்து வீடு தேறாது. பெயரைச் சொல்லவில்லை, தன்னைத் தேடிக்கொண்டு ஆட்கள் வருவதை அவர் விரும்பமாட்டார் என்று தோன்றுகிறது. அவருக்கு லடாக்கி மட்டும்தான் தெரியும். எனக்கு லடாக்கியில் தெரிந்தது ஒரே ஒரு சொல், ஜூலே. அங்கே வணக்கமும் அதுதான், போய்வருகிறேன் என்பதும் அதுதான், நன்றியும் அதுதான். லேயில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் அவருடைய பேத்தி குளிர்கால விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் லடாக்கியை இந்திக்கு மாற்றுவாள், என் அரைகுறை இந்தியில் நான் பதில் சொல்வேன். எங்கள் பேச்செல்லாம் அப்படித்தான் நடந்தது.

நான் போனது பனிச்சிறுத்தைக்காக. பிப்ரவரி அதன் இணைசேரும் காலம், தன் இரையான நீல ஆடுகளின் பின்னாலேயே அது கீழே இறங்கி வரும், அதனால்தான் படம் எடுப்பவர்கள் எல்லோரும் அந்தக் கடுங்குளிரில் போய் நிற்கிறோம். நாடு முழுக்க 718 இருக்கின்றன, அதில் 477 லடாக்கில் என்று 2024-ல் வெளியான கணக்கெடுப்பு சொல்கிறது. அந்த எண்ணையெல்லாம் மனப்பாடமாக வைத்துக்கொண்டு போனேன். அந்த வீட்டில் பனிச்சிறுத்தைக்கு வேறு கணக்கு இருந்தது. பட்டிக்கு மேலே கம்பிவலை போடுவதற்கு முன்னால் ஒரு இரவில் ஷான் உள்ளே குதித்து அவர்களுடைய ஆடுகளில் பாதிக்கு மேல் கொன்றுபோட்டதாம். ஷான் என்றால் அவர்கள் மொழியில் பனிச்சிறுத்தை. அதைச் சொல்லும்போது அபிலேயின் முகத்தில் கோபம் இல்லை. அதுவும் பசித்து வந்ததுதானே என்று சொன்னதாகப் பேத்தி மொழிபெயர்த்தாள். அந்த மிருகத்தைப் பார்க்க வருகிறவர்களுக்குத்தான் இன்று அந்த வீட்டில் ஸ்க்யூ என்கிற கோதுமை மாவு, காய்கறிக் குழம்பும் உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீரும் கிடைக்கின்றன.

முதல் நாள் சாயங்காலம் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பிறந்து இரண்டு நாள் ஆன வெள்ளாட்டுக் குட்டி ஒன்று அபிலேயின் பக்கத்தில் கந்தல் கம்பளிக்குள் கிடந்தது. பட்டியில் விட்டால் காலைக்குள் விறைத்துப் போய்விடும் என்று உள்ளே வைத்திருந்தார்கள். நான் கேமரா பேட்டரிகளைப் பையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகச் சட்டையின் உள்பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தேன். குளிர் தேசத்துக்குப் போகும் எல்லோரும் செய்வதுதான். மைனஸ் இருபதில் முழுசாகச் சார்ஜ் இருக்கும் பேட்டரிகூட கொஞ்ச நேரத்தில் சரசரவென்று இறங்கிவிடும். உள்ளே நடக்கும் ரசாயன வேலை குளிரில் மந்தமாகிவிடுகிறது, உடம்புச் சூட்டில் வைத்தால் மறுபடி வேலை செய்யும். அபிலே அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பேத்தியிடம் ஏதோ கேட்டார்.

“குளிர்ந்தால் செத்துவிடுமா என்று கேட்கிறார்.”

ஆமாம், கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

“இந்தக் குட்டி மாதிரியா என்கிறார்.”

ஆமாம் என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார். அப்புறம் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. என் ஊர் எது என்று கேட்டார். கடற்கரை ஊர் என்றேன். கடல் குளிர்காலத்தில் உறையுமா என்று கேட்டார். உறையாது என்றதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் குளிர்காலத்தில் நீங்கள் எதன் மேல் நடந்து அக்கரைக்குப் போவீர்கள் என்று கேட்டார். ஆறு உறைந்தால் அதுவே பாதையாகிவிடும் ஊரில் அது நியாயமான கேள்வி. பதில் சொல்லத் தெரியாமல், என்னிடம் கடல் படங்கள் இருக்கின்றன, அனுப்பி வைக்கிறேன் என்றேன்.

இந்த ‘அனுப்பி வைக்கிறேன்’ பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பிறகு வருகிறேன்.

மறுநாள்தான் விழுந்தேன். என்னைக் கொண்டுவந்து அடுப்பின் பக்கத்தில் போட்டு, நனைந்த துணிகளைக் கழற்றி, அவர்களுடைய கம்பளிகளைச் சுற்றியிருக்கிறார்கள். எனக்கு எதுவும் தெளிவாக நினைவில்லை. குர்குர் என்று மரக்குழாயில் தேநீர் கடையும் சத்தம் இருக்கிறது. குட்டி என் கையை நக்கியது இருக்கிறது. பேத்தி என் பெயரைச் சொல்லிச் சொல்லி எழுப்பிக்கொண்டே இருந்தது இருக்கிறது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, கூரையில் இருந்த சோலார் பலகைகள் மூடிப்போய் வீட்டில் மின்சாரம் இல்லை.

மூன்றாம் இரவும் கழிந்து, காலையில் வானம் வெளுத்தது. ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று வெளியே சத்தம் கேட்டது. அபிலே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அங்கே பெண்கள் போடும் கோஞ்சா என்கிற நீண்ட கம்பளி அங்கியில், இடுப்புக் கச்சைக்கு மேலே துணி மடிந்து ஒரு பை மாதிரி நிற்கும். நம் ஊர்ப் பாட்டிகளின் மடி மாதிரிதான், வேண்டியதெல்லாம் அதில் இருக்கும். அதற்குள் கையை விட்டு ஒரு சின்ன மூட்டையை எடுத்தார். பழைய பழுப்புக் கம்பளித் துண்டு, ஒரு ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. அதைப் பிரித்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று என் உள்ளங்கையில் வைத்தார்.

என் பேட்டரிகள்.

சூடாக இருந்தன. காய்ச்சல் அடிக்கும் குழந்தையின் நெற்றியைத் தொட்ட மாதிரி இருந்தது. என் சட்டையைக் கழற்றும்போது அவை பாக்கெட்டில் இருந்திருக்கின்றன. அந்த நேரத்தில், ஒரு மனிதன் பிழைப்பானா மாட்டானா என்று தெரியாமல் வீடே அல்லாடிய நேரத்தில், அந்த அம்மாள் அவற்றை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார். பகலில் மடியில், இரவில் படுக்கையில் வயிற்றோடு சேர்த்து. மூன்று இரவு. குட்டி அந்தப் பக்கம், இவை இந்தப் பக்கம் என்று பேத்தி சொன்னாள்.

கேமரா விழுந்த இடத்திலேயே நொறுங்கிவிட்டது. அது பேத்திக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அபிலேவுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஜூலே என்றேன். அவர் என் விரல்களை அந்த பேட்டரிகளின் மேல் மடக்கி, தன் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். வெடிப்பு விழுந்த, சாம்பல் படிந்த, மிகச் சூடான கைகள். அதற்குள் ஏணியைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அவருடைய படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. முதல் நாள் வெளிச்சம் போதவில்லை, நாளை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

உயிரைக் காப்பாற்றியவர்களை விட்டுவிட்டு பேட்டரிக்கு நன்றி சொல்கிறானே என்று யாருக்காவது தோன்றலாம். அந்த ஆறு பேரின் தோள் இல்லாவிட்டால் நான் இல்லை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எனக்கு எது முக்கியம் என்று யாரோ கவனித்திருக்கிறார்கள், அது என்னவென்றே தெரியாத ஒருவர் அதற்குத் தன் உடம்புச் சூட்டைக் கொடுத்திருக்கிறார். இதை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு பதினோரு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அந்த ‘அனுப்பி வைக்கிறேன்’. 2010-லிருந்து கேமராவோடு சுற்றுகிறேன். குலசேகரன்பட்டினம் தசராவில் காளி வேடம் கட்டியவர்கள், கட்ச் பாலைவனத்தில் உப்பு எடுக்கும் குடும்பங்கள், அசாமின் மாஜுலித் தீவில் முகமூடி செய்கிறவர்கள், எங்கள் ஊர் உப்பளத்தில் கால் வெடித்த அக்காமார்கள். எல்லோரும் முகத்தைக் கொடுத்தார்கள், டீ கொடுத்தார்கள், உட்காரப் பாய் கொடுத்தார்கள். எல்லோரிடமும் படத்தை அனுப்பி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னேன். ஊருக்கு வந்ததும் அடுத்த பயணம், அடுத்த வேலை. பதினைந்து வருடத்தில் அனுப்பியது இருபது படம்கூட இருக்காது. சிலருடைய முகவரி எழுதிய நோட்டுகள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன, பிள்ளைகளைக் கூப்பிட்டு எழுதச் சொல்லி, தவறு இல்லாமல் இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்துக் கொடுத்த முகவரிகள்.

அந்த நோட்டுகளை எடுத்துவிட்டேன். கால் சரியாகும்வரை எனக்கு இதுதான் வேலை, சரியான பிறகும் இதை முடிக்காமல் புதுப் பயணம் கிடையாது. அச்சுப்போடும் தம்பியிடம் பேசிவிட்டேன், ஆறுக்கு எட்டு அளவில், நல்ல தாளில். போன வியாழக்கிழமை முதல் ஒன்பது உறைகள் தபாலில் போயின. சிலர் இப்போது இருக்கமாட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் போகட்டும். உங்களில் யாரிடமாவது, எந்த ஊரிலாவது, படம் எடுத்துவிட்டு அனுப்பாமல் இருந்திருந்தால் எனக்கு எழுதுங்கள், தேடி எடுத்துத் தருகிறேன்.

நேற்று பேட்டரிகளில் ஒன்றை வீட்டிலிருந்த பழைய கேமராவில் போட்டுப் பார்த்தேன். 62 சதவீதம் காட்டியது. லடாக்கிலிருந்து வந்த பிறகு அதைச் சார்ஜ் போடவில்லை, போட மனசும் வரவில்லை. இன்று விடியற்காலையில் மச்சானைக் கூப்பிட்டு ஆட்டோவில் தருவைக்குளம் கடற்கரைக்குப் போனோம். ஊன்றுகோலோடு மணலில் இறங்க முடியாது என்று ஆட்டோவைக் கரை ஓரமாகவே நிறுத்தச் சொல்லி, பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு எடுத்தேன். சூரியன் வரும் முன்பு ஈயம் மாதிரி இருந்த தண்ணீர், வந்த பிறகு செம்பு மாதிரி ஆன தண்ணீர், வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு இடுப்பளவில் நிற்கும் நான்கு பேர், அவர்கள் போன பிறகு வெறும் அலை. நாற்பத்தொரு படம் எடுத்தேன். மச்சான் மீன்காரர் ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவர் வண்டிப் பக்கம் வந்து, “அந்தப் பாட்டிக்கு வள்ளத்துல போறதையும் எடுத்து அனுப்புங்க, எப்படிப் போறோம்னு கேட்டாங்கள்ல” என்றார். தன் வள்ளத்தைத் திருப்பிப் பக்கவாட்டில் காட்டி நின்றார். அவருடைய முகவரியையும் வாங்கிக்கொண்டேன்.

ஜூனில் லடாக் போகும் நண்பர் ஒருவர் எடுத்துப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதற்குள் நானே நடக்க ஆரம்பித்துவிட்டால் நானே போவேன், இந்த முறை லேயில் நாலு நாள் ஒழுங்காகத் தங்கி உடம்பை அந்த உயரத்துக்குப் பழக்கிக்கொண்டு. பேத்திக்கு ஒரு சின்னக் கடிதம் வைத்திருக்கிறேன், கேமரா உடைந்ததை இப்போதும் அபிலேயிடம் சொல்ல வேண்டாம் என்று. இந்தப் படங்கள் அவர் காப்பாற்றிக் கொடுத்த பேட்டரியில் எடுத்தவை என்பதை மட்டும் சொன்னால் போதும்.

ஜூலே, அபிலே. எல்லோருக்கும் ஜூலே.