கல்விக் கொடையாளர்கள் கேட்க வேண்டிய கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் மாதம் பள்ளிகள் திறந்ததும் வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டாரங்களில் நோட்டும் பையும் பேனாவும் வழங்கும் விழாக்கள் தொடங்கிவிடுகின்றன. வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் அனுப்பும் பணமும், வணிகர்களும் நற்பணி மன்றத்தினரும் திரட்டும் பணமும் பெரும்பாலும் இவற்றுக்கே செலவாகின்றன. கொடுப்பவர்களின் நல்ல மனத்தில் எனக்கு ஐயமில்லை. வாணியம்பாடியில் 1919இலேயே ஒரு கல்லூரி தொடங்கப்பட்ட வடஆர்க்காட்டு மண்ணில் கல்விக்குக் கொடுப்பது புதிய பழக்கமும் அன்று. ஆனால் பாடநூல், நோட்டு, பை, காலணி, சீருடை ஆகிய அனைத்தையும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழக அரசே விலையில்லாமல் வழங்கிவரும்போது, அதே பொருள்களை இரண்டாம் முறை வழங்குவதற்காகப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்துவது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது.

அரசு நடுநிலைப் பள்ளியொன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். பீடி சுற்றும் வீடுகளிலிருந்தும் செங்கல் சூளைகளிலிருந்தும் வரும் பிள்ளைகளில் பலர், ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுவார்கள். ஆசிரியரோ அந்த வகுப்புக்குரிய பாடத்தை முடித்தாக வேண்டும். பாடம் முன்னே போகப் போக, பிள்ளை பின்தங்கிக்கொண்டே இருக்கும். அந்தப் பிள்ளைக்கு இன்னொரு நோட்டினால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

இது என் அனுபவம் மட்டுமன்று. 1990களில் கென்யாவின் கிராமப்புறப் பள்ளிகளுக்கு ஒரு தொண்டு நிறுவனம் பாடநூல்களை வழங்கியது. நூல் பெற்ற பள்ளிகளையும் பெறாத பள்ளிகளையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், சராசரி மதிப்பெண்ணில் மாற்றம் ஏதும் இல்லை என்றும், முன்னரே நன்றாகப் படித்துவந்தவர்களே பயன்பெற்றார்கள் என்றும் கண்டார்கள். நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பிள்ளைகள் பலருக்கு அது மூன்றாவது மொழி. பெரு நாட்டில் பிள்ளைக்கு ஒன்றாக மடிக்கணினி கொடுத்த திட்டத்தை ஆராய்ந்தபோதும், கணக்கிலோ மொழிப்பாடத்திலோ முன்னேற்றம் காணப்படவில்லை. நம் மாவட்டத்தில் கணினித் திரை வைத்த திறன் வகுப்பறைகளுக்குப் பணம் ஒதுக்கும் நிறுவனங்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

பயன் தந்தது என்ன என்பதற்கும் சான்று இருக்கிறது. மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் என்ற தொண்டு நிறுவனம், பின்தங்கிய மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளைச் சிறு குழுவாகப் பிரித்து, அதே பகுதியைச் சேர்ந்த இளம்பெண்களைக் கொண்டு நாளும் இரண்டு மணி நேரம் அடிப்படையிலிருந்து கற்பித்தது. பொருளியல் அறிஞர்களான அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் அதை முறையாக அளந்து பார்த்தார்கள். மிகவும் பின்தங்கியிருந்த பிள்ளைகளே மிகுதியாக முன்னேறியிருந்தார்கள். கென்ய ஆய்வை நடத்தியவர்களுள் ஒருவரான மைக்கேல் கிரெமருடன் இவ்விருவரும் 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். மும்பை, வதோதரா ஆய்வில் நாம் மறக்கக் கூடாத இன்னொரு முடிவும் உண்டு: வகுப்பு நின்று ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, கிடைத்த முன்னேற்றத்தின் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது. பத்து நாள் கோடை முகாமுக்குப் பணம் கொடுத்துவிட்டு மனநிறைவு அடைகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் மாநிலத்திலேயே 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை பெற்ற தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை வேளைகளில் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் பிள்ளைகள் இழந்த கற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, பள்ளிகள் திறந்த ஆறு மாதத்தில் மீண்டது என்றும், அந்த மீட்சியில் நான்கில் ஒரு பங்கு அளவு இத்திட்டத்தால் வந்தது என்றும் பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோரின் ஆய்வு கூறுகிறது. இதைச் செய்து காட்டியவர்கள் நம் தெருப் பெண்கள்.

ஆகவே ஓர் அறக்கட்டளைக்குப் பணம் கொடுக்குமுன் நாம் முதலில் கேட்க வேண்டியது, ஆண்டுத் தொடக்கத்தில் வாசிக்கத் தெரியாதிருந்த பிள்ளைகள் எத்தனை பேர், ஆண்டு முடிவில் அவர்களுள் எத்தனை பேர் வாசிக்கிறார்கள், அதை எப்படி அளந்தீர்கள் என்பதே. இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் தேவையில்லை. கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றல் நிலையை அளந்து 2005 முதல் வெளிவரும் அசர் ஆய்வில் பயன்படுத்துவது போல எழுத்துகள், சொற்கள், ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு கதை ஆகியவை அச்சிட்ட ஒரு தாளைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னால், சில நிமிடங்களில் நிலைமை தெரிந்துவிடும். 2022 ஆய்வின்படி, இந்தியக் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் 20.5 விழுக்காட்டினரே அந்தக் கதையைப் படிக்க முடிந்தது. தமிழகத்தின் விழுக்காடு அதைவிடவும் குறைவு.

நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை பெற்றுத்தரும் 80ஜி சான்றிதழும் தணிக்கை அறிக்கையும் கட்டாயம் பார்க்க வேண்டியவைதாம்; ஆனால் பணம் களவு போகவில்லை என்பதற்கு மேல் அவை எதையும் சொல்வதில்லை. சம்பளத்துக்கு ஒரு ரூபாயும் செலவிடுவதில்லை என்று ஓர் அமைப்பு பெருமையாகச் சொன்னால் நான் தயங்குவேன். மாலை வகுப்பு நடத்தும் பெண்ணுக்குத் தரும் ஊதியம்தான் அங்கே நடக்கும் கல்வி. அதைக் குறைத்துக் காட்டுவது சிக்கனமாகாது. பிள்ளைகளின் படங்களைக் காட்டி உருக்கமாகப் பணம் கேட்பவர்களைவிட, இந்த ஆண்டு இத்தனை பிள்ளைகளிடம் எங்கள் முறை பலிக்கவில்லை, காரணம் இது என்று எழுதிக் காட்டுகிறவர்களையே நான் நம்புவேன்.

தங்கள் இதழ் ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில், வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் கல்விப்பணி செய்யும் அமைப்புகளிடம் மேற்கண்ட கேள்வியைக் கேட்டு, கிடைக்கும் விடைகளை அப்படியே வெளியிட வேண்டுகிறேன். பீஞ்சமந்தை போன்ற மலையூர்களில் பணிபுரியும் சிறு அமைப்புகளுக்கும் அதில் இடம் கொடுங்கள். அவர்களுக்கு விழா நடத்தவோ விளம்பரம் செய்யவோ வசதி இல்லை. அதைப் படித்துக் கொடுக்க முன்வருகிறவர்கள், ஜூனில் ஒரே தவணையாகத் தராமல், சிறு தொகையாக இருந்தாலும் மாதந்தோறும் மூன்றாண்டுகளுக்காவது தருவதாக எழுதிக்கொடுத்தால், கற்பிக்கும் பெண்ணை இடையில் நிறுத்தாமல் வகுப்பைத் தொடர்ந்து நடத்த அந்த அமைப்புகளால் இயலும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
குடியாத்தம்.